பெயர் விழும் நேரம்: காவிரிப் படுகையில் சூனியப் படம் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் முதல் குறும்படத்தை, எடுத்த ஊரிலேயே வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டுக் காட்டினோம். மாயவரத்துக்குக் கிழக்கே சின்ன ஊர். படத்தில் வெள்ளைச் சேலை இருந்தது, விரித்த கூந்தல் இருந்தது, முச்சந்தியில் எலுமிச்சம்பழத்தை மிதித்துச் சிரிக்கும் கிழவி இருந்தாள். பையன்கள் வேண்டிய அளவு கத்தினார்கள். முடிந்ததும் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஓர் அப்பாயி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "ஏன் தம்பி, அவள் யார் வீட்டுப் பெண்?"

என்னிடம் பதில் இல்லை. அவளுக்கு வீடு என்று ஒன்றை நான் எழுதவே இல்லை. புருஷன், பிள்ளை, கடன், பசி எதுவும் கிடையாது. திரைக்கு வந்து பயமுறுத்திவிட்டுப் போவதற்காக மட்டுமே பிறந்தவள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய பத்து வருஷத்தில் கற்றுக்கொண்டவற்றை, சூனியத்தை வைத்துப் படம் எழுத நினைப்பவர்களுக்காக வரிசைப்படுத்துகிறேன். வரிசையை மாற்றிச் செய்யலாம். ஆறாம் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். சூனியப் படத்தில் ரத்தம் உறையவேண்டிய இடம் வாசற்படிக்குக் கீழே தகடு கிடைக்கும் இடம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். என் கட்சி வேறு. ஊர் கூடி நிற்கையில் ஒருத்தியின் பெயர் விழுகிறதே, அதுதான் அந்த இடம். மற்ற வேலையெல்லாம் அந்த ஒரு காட்சிக்குக் கட்டும் கரை.

படி 1: வருஷத்தைக் குறியுங்கள்

"ஒரு காலத்தில், ஒரு கிராமத்தில்" என்று தொடங்கினால் எந்தப் பயமும் ஒட்டாது. வருஷத்தைக் குறித்துவிட்டால் பயத்துக்குத் தானாகவே முகம் வந்துவிடும். 1781-இல் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமையைச் சூறையாடிய கலாபத்தை எடுத்தால், ஊரே வெறிச்சோடிக் கிடக்கும். திரும்பி வருகிறவர் நம்மவரா, வேறு ஏதாவதா என்பது உங்கள் கதை. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் வறண்ட சீமைகளைப்போல் தஞ்சாவூர் காயவில்லை. ஆகவே அந்தக் கதையில் சந்தேகம் பிழைப்புத் தேடி வந்த வெளியூர்க்காரிமேல் விழும். 1918 விஷக் காய்ச்சல், 1924 பெருவெள்ளம், 1952 நவம்பர் 30 புயல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான பழியைக் கேட்கும்.

நான் 1925-ஐ எடுத்துக்கொள்கிறேன். இந்த வழிகாட்டி முழுவதும் அதே உதாரணம்தான். முந்தைய ஆண்டின் வெள்ளம் வயலில் மணலைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் கற்பனையாக ஒரு சிற்றூர். மாதம் பங்குனி.

வருஷமும் மாதமும் முடிவானதுமே தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். டெல்டாவில் தண்ணீர் தெரியாதவருக்குக் கதை தெரியாது. மேட்டூர் அணையின் வேலை 1925-இல்தான் தொடங்கியது; முடிந்தது 1934-இல். ஆகவே "ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பார்கள்" என்று உங்கள் பாத்திரம் பேசினால் படம் அந்த இடத்திலேயே செத்துவிடும். குடகில் மழை பெய்தால் புதுப்புனல் வரும், பெய்யாவிட்டால் வராது. அந்த நிச்சயமின்மை மாந்திரீகத்துக்கு எவ்வளவு வளமான மண் என்று யோசித்துப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் ஆறு வெறும் மணல். ஊற்றுத் தோண்டிச் சொம்பில் மொண்டு குடிக்கவேண்டும். குட்டையில் மிஞ்சிய தண்ணீரை மாடும் மனிதரும் பகிர்ந்துகொள்ளும் நாள்களில்தான் வாந்திபேதியும் வருகிறது. பங்குனியில் கரைபுரளும் காவிரியைக் காட்டும் படங்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப்பின் எத்தனை பேய் வந்தாலும் எனக்குப் பயம் வருவதில்லை.

படி 2: இறக்குமதிச் சூனியக்காரியை இறக்கி வையுங்கள்

துடைப்பம், கூர்த் தொப்பி, கொப்பரை, கம்பத்தில் கட்டி எரிப்பது ஆகியவை வேறு நிலத்தின் சரக்கு. அங்கேயும் எல்லா இடத்திலும் எரிக்கவில்லை. அமெரிக்காவின் சேலத்தில் 1692-இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒரு முதியவரைக் கல்லடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். நெருப்பில் போட்டது ஒருவரைக்கூட இல்லை. அவர்கள் கதையிலேயே அவர்களுக்கு இவ்வளவு குழப்பம் என்றால் நாம் எதற்கு அதைச் சுமக்கவேண்டும்?

ஐரோப்பாவின் சூனிய வேட்டைக்கும் நம்முடையதற்கும் பெரிய வித்தியாசம், அங்கே சட்டமே வேட்டைக்காரனாக இருந்தது. நீதிபதி, சாட்சி, வாக்குமூலம், தீர்ப்பு என்று எல்லாம் காகிதத்தில் நடந்தது. இங்கே அப்படி ஒரு நீதிமன்றம் இருந்ததில்லை. இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862-இல். அதன்படி அடித்தவன்மேல் வழக்குப் போட முடிந்தது. செய்வினை வைத்தாள் என்று ஒருத்தியின்மேல் போட முடியவில்லை. நம் ஊரில் பழி நடந்த பாதை வேறு: நோய், குறி கேட்டல், திண்ணைப் பேச்சு, பஞ்சாயத்து, ஒதுக்கிவைத்தல். காகிதமே இல்லாத பாதை. அதனாலேயே அதில் அகப்பட்டவளுக்கு மேல்முறையீடு என்று ஒன்று கிடையாது.

இரண்டு பாதையும் சந்திக்கும் ஓர் இடம் நம் படுகையிலேயே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியான் 1617-இல் சூனியக்காரர்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தான். மூன்றே வருஷத்தில், 1620-இல், அதே மன்னனின் ஆட்கள் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இறங்கினார்கள். 1693-இல் கோபன்ஹேகனில் அன்னா பல்லெஸ் என்ற பெண்ணுக்கு இதே குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேறியபோதும் தரங்கம்பாடியில் டேனியர் காவல் இருந்துகொண்டுதான் இருந்தார்கள். சொந்த ஊரில் பெண்கள் எரிவதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு சிப்பாய், கோட்டைச் சுவரில் நின்றபடி கடற்கரையில் உடுக்கைச் சத்தம் கேட்கிறான். யாராவது எழுதுங்கள். எனக்குக் கப்பல் கட்டப் பணமில்லை.

படி 3: சொற்களைப் பிரித்துப் பழகுங்கள்

சினிமா எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிவிட்டது. ஊரில் அப்படி இல்லை. கண்ணேறு என்பது பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதன்று. உப்பும் மிளகாயும் தெருமண்ணும் சுற்றிப்போட்டால் தீர்ந்துவிடும். காற்று கருப்பு என்பது நேரங்கெட்ட நேரத்தில் போனவர்மேல் படுவது. அதற்கு ஆள் தேவையில்லை. இடுமருந்து சோற்றில் வைத்துக் கொடுப்பது. அதை எடுக்கத் தனி ஆட்கள் உண்டு, அவர்கள் மந்திரவாதிகள் அல்லர். பில்லி, சூனியம், ஏவல், செய்வினை என்று வரும்போதுதான் "யார்?" என்ற கேள்வி பிறக்கிறது. உங்கள் படம் அந்த மாற்றத்தில் தொடங்கவேண்டும். முதலில் கண்ணேறு என்பார்கள், பிறகு காற்று என்பார்கள். மூன்றாவது சாவில்தான் யாரோ மெதுவாகச் "செய்வினையாக இருக்குமோ" என்பார்கள்.

இன்னொரு கலப்பு இதைவிட மோசம். பேய் பிடித்தவள் வேறு, சூனியம் வைத்ததாகச் சொல்லப்படுகிறவள் வேறு. முன்னவளை ஊர் பரிதாபமாகப் பார்க்கும், கோவிலுக்குக் கூட்டிப்போகும். பின்னவளை ஊர் பார்க்கவே பார்க்காது. அவள் எதிரில் வந்தால் பேச்சு நிற்கும். பல படங்கள் இருவரையும் ஒருத்தியாக்கி, கடைசியில் வேப்பிலையால் அடித்துத் துரத்துகின்றன. இருவரையும் தனித்தனியாக எழுதி, இருவரும் ஒரே வாய்க்காலில் துணி துவைப்பவர்கள் என்று வைத்துப்பாருங்கள். பாதிக் கதை வந்துவிட்டது.

படி 4: ஏட்டையும் கேளுங்கள், வாயையும் கேளுங்கள்

1925-ஐச் சுற்றி எழுத ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. வெங்கசாமி ராவ் தொகுத்த தஞ்சாவூர் மாவட்டக் கையேடு 1883-இல் வந்தது. ஹெமிங்வே எழுதிய மாவட்டக் கெசட்டியர் 1906-இல். நிலம், பாசனம், சாதி, நோய், திருவிழா எல்லாம் அவற்றில் கிடைக்கும். தர்ஸ்டன் 1912-இல் தென்னிந்தியச் சகுனங்களையும் நம்பிக்கைகளையும் பற்றித் தனிநூலே போட்டார். இதை எடுக்கும்போது மட்டும் கவனம்: அவர் மாகாணம் முழுவதையும் வாரிப் போட்டிருக்கிறார். விலங்குருவம் எடுப்பதாக நம்பப்பட்ட மலபார் மாந்திரீகன் ஒடியனைத் தூக்கித் திருவாரூரில் இறக்கிவிடாதீர்கள். இன்னும் பின்னே போக விரும்பினால், 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு 1713-இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூல் இருக்கிறது. எல்லையம்மன், மாரி, பேய்கள் என்று கிராமத் தெய்வங்கள் அதில் வரிசையாக வருகின்றன. அது அச்சேறியது 1867-இல்தான்.

இவர்கள் அனைவரும் மேலே நின்று கீழே பார்த்தவர்கள். துரைக்குத் தகவல் சொன்னவர் பெரும்பாலும் ஊரின் பெரிய மனிதர். அதனால் "தாழ்ந்த சாதியார் மாந்திரீகத்தில் வல்லவர்" என்பது போன்ற வாக்கியம் வரும்போதெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அது சேரியைப் பற்றிய தகவலன்று. மிராசுதாரின் தூக்கத்தைப் பற்றிய தகவல். பண்ணையாளுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்துவிட்டு இரவில் படுப்பவனுக்குத் தன் வாசலில் கிடக்கும் கோழி இறகுகூட ஏவலாகத்தான் தெரியும்.

எளியவர் குரல் வேண்டுமென்றால் குஜிலிக் கடைப் பாட்டுப் புத்தகங்களைத் தேடுங்கள். கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து என்று சந்தையில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றவை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய சிறுநூல்கள் நிறைய உள்ளன. வசனம் எழுதுவதற்கு முன் ஒரு வாரம் இவற்றைச் சத்தம் போட்டு வாசியுங்கள்.

பெரியவர்களிடம் போய் "பேய் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள், அதுவும் சினிமாவில் பார்த்தது. "உங்கள் தாத்தா காலத்தில் வாந்திபேதி வந்தபோது இந்தத் தெருவில் யார் யார் போனார்கள்? அதன்பிறகு யார் ஊரைவிட்டுப் போனார்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் மௌனம் வரும். காத்திருங்கள்.

அப்புறம் இடங்கள். திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோவிலுக்குக் கட்டாயம் போங்கள். குதிரைக் காலில் அந்தணன் ஒருவன் மிதிபட்டு இறந்த பழி வரகுண பாண்டியனைப் பிரம்மகத்தியாகத் துரத்தியதாம். அரசன் கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் வெளியேறிவிட்டான். பிரம்மகத்தி கிழக்கு வாசலிலேயே நின்றுவிட்டது. அதன் உருவம் இன்னமும் அங்கே இருக்கிறது, நுழைந்த வழியே திரும்பக் கூடாது என்று மக்கள் இன்னமும் பார்த்துக்கொள்கிறார்கள். வராத ஒருவனுக்காக இத்தனை நூற்றாண்டு காத்திருக்கும் பேய்! நம் மண்ணின் பேய்க்கு எவ்வளவு பொறுமை என்று எனக்குத் தோன்றிய இடம் அது. பக்கத்திலேயே திருபுவனத்தில் செய்வினை அகலச் சரபேசுவரரை வேண்டுகிறார்கள். அய்யாவாடியில் அமாவாசையன்று பிரத்தியங்கிராவுக்கு மிளகாய் வற்றல் கொட்டி யாகம் நடக்கிறது. பங்குனியில் வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி. சாவின் விளிம்பிலிருந்து மீண்டவர் பிணம்போலப் பாடையில் படுத்து வர, சொந்தக்காரர்கள் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். எந்தக் கலை இயக்குநரும் இதைக் கற்பனை செய்துவிட முடியாது.

நாகூர் தர்காவுக்கும் குணசீலத்துக்கும் போகும்போது கேமராவை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். குணசீலம் பெருமாள் கோவிலில் மனநலம் குன்றியவர்களை 48 நாள் தங்கவைத்து வேண்டிக்கொள்கிறார்கள். அவர்கள் உங்கள் ஒத்திகைப் பொருள் அல்லர். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்தார்கள். "பேய் பிடித்தவளைச் சங்கிலியில் கட்டுவது" உங்கள் திரைக்கதையில் இருந்தால், எழுதுமுன் அந்த எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: அவளுக்கு ஒரு நாளைக் கொடுங்கள்

நம் உதாரணப் பெண்ணுக்கு அஞ்சலை என்று பெயர் வைப்போம். வயது நாற்பதுக்குள். புருஷன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போய் ஐந்து வருஷம். இரண்டு வருஷமாக மணியார்டர் இல்லை. நடவுக்கும் அறுப்புக்கும் போவாள். பிள்ளைப்பேற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தாலி இருக்கிறது, புருஷன் இல்லை. விதவையாகவும் வைக்க முடியாது, சுமங்கலியாகவும் வைக்க முடியாது. ஊருக்கு இப்படிப்பட்டவள்தான் கணக்கில் உதைப்பாள்.

திரைக்கதைக்கு முன் ஒரு தாளில் அவளுடைய ஒரு முழு நாளை எழுதுங்கள். விடியலில் சாணி தெளிப்பது, ஊற்றில் தண்ணீர் எடுக்க எத்தனை பேருக்குப் பின்னால் நிற்கவேண்டியிருக்கிறது, கூலியாக வந்த நெல்லில் எத்தனை படி கடனுக்குப் போகிறது, ராத்திரி யாரோடு பேசுகிறாள். இதில் பயங்கரம் எதுவும் வேண்டாம். அந்த நாளைப் படத்தின் முதல் இருபது நிமிடத்தில் அப்படியே காட்டுங்கள். பிறகு ஊர் அதே நாளைத் திருப்பி வாசிக்கும். அவள் விடியலில் தெளித்தது என்ன? ராத்திரி யாரோடு பேசினாள்? நேற்றுவரை வேலையாக இருந்தது இன்று சாட்சியாகிறது. பார்வையாளருக்கு உண்மை தெரியும். அவரால் எழுந்து சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய திகில் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு தாளில் ஊர்க் கணக்கு. அஞ்சலைக்கு யார் எத்தனை மரக்கால் நெல் பாக்கி? அவள் குடியிருக்கும் மனை யார் கண்ணில் உறுத்துகிறது? எந்தப் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை? பட்டாமணியார் வீட்டு ரகசியம் எதை மருத்துவச்சி என்ற முறையில் அவள் அறிவாள்? பழி காற்றில் பறந்து வந்து யார் தலையிலோ உட்காருவதில்லை. அதற்கு வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்கள். இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு: பெண்களைச் சூனியக்காரி என்று வேட்டையாடுவதைத் தடுக்கப் பீகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும் அசாம் 2015-இலும் தனிச் சட்டம் இயற்றவேண்டியிருந்தது.

அவளை உத்தமியாக்கிவிடாதீர்கள், அது இன்னொரு வகைக் கொலை. அஞ்சலைக்கு வாய் நீளம். ஒருத்தியின் கோழியைத் திருடியிருக்கலாம். கோபத்தில் மண்ணை வாரித் தூற்றி "நாசமாய்ப் போவாய்" என்று கத்தியிருக்கலாம். அவள் அப்படிக் கத்திய வீட்டிலேயே மறுவாரம் சாவு விழட்டும். அவளுக்கே கொஞ்சம் சந்தேகம் வரவேண்டும்: நான் சொன்னதுதான் பலித்துவிட்டதோ?

படி 6: பெயர் விழும் காட்சி

கோடாங்கி உடுக்கையை எடுக்கிறார். இரவு, அரிக்கன் விளக்கு, களத்துமேடு. நம் சினிமாவில் இந்த இடத்தில் அவர் கண்ணை உருட்டி விரலை நீட்டி "அதோ அவள்தான்!" என்பார். நான் பார்த்த குறி கேட்கும் இரவுகளில் ஒருவரும் விரல் நீட்டியதில்லை. பெயரைச் சொல்லாமல் இருப்பதில்தான் அந்தக் கலையே இருக்கிறது.

அவர் சொல்வது இப்படி இருக்கும்: வடக்கே ஒரு வீடு. வாசலில் முருங்கை. ஒரு பெண்பிள்ளை. கூட இருந்தே செய்தது. கொடுத்த கை, வாங்கிய கை. ஒவ்வொன்றுக்கும் இடையில் உடுக்கை. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் மனதுக்குள் வடக்கே நடந்து, முருங்கை மரங்களை எண்ணுகிறார்கள். ஊரில் முருங்கை இல்லாத வாசல் எது? அவர்கள் முன்பே முடிவு செய்துவிட்டவளை நோக்கித்தான் நடக்கிறார்கள்; கோடாங்கி விளக்குப் பிடிக்கிறார், அவ்வளவுதான்.

பெயரை யார் சொல்வது என்று நீண்ட நாள் யோசியுங்கள். எதிரி சொன்னால் சப்பென்று போய்விடும். நான் எழுதிய மூன்று வரைவுகளில் முதலாவதில் காரியக்காரர் சொன்னார், சதித்திட்டம்போல இருந்தது. இரண்டாவதில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சொன்னாள், அழுகையில் கரைந்தது. மூன்றாவதில், அஞ்சலையோடு தினமும் ஊற்றுக்குப் போகும் தோழி சொன்னாள். கேள்வியாகத்தான் சொன்னாள், அதுவும் அரைகுறையாக: "அஞ்சலை வீட்டில்கூட முருங்கை…" என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். தன் வாசலிலும் முருங்கை இருப்பது அவளுக்குத் தெரியும். அந்த வரைவை எழுதிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எடுக்கும்போது சில காரியங்கள். உடுக்கை அதுவரை விடாமல் ஒலித்திருக்கவேண்டும். பெயர் விழுந்ததும் நிற்கவேண்டும். பின்னணி இசை போடாதீர்கள், தவளைகூட வேண்டாம், பங்குனியில் அதற்கும் தண்ணீர் இல்லை. யார் முகத்தையும் நெருக்கத்தில் காட்டாமல் கூட்டத்தின் கால்களைப் பாருங்கள். அஞ்சலை அங்கேயே நிற்கிறாள் என்பதை மறக்கவேண்டாம். எல்லோரோடும் சேர்ந்து அவளும் முருங்கை மரங்களை எண்ணிக்கொண்டிருந்தவள். அவளைச் சுற்றி இடம் மட்டும் பெரிதாகிறது. யாரும் தள்ளிப்போனதைப் பார்த்திருக்க மாட்டோம், ஆனால் அவள் தனியாக நிற்கிறாள்.

படி 7: குற்றம் சாட்டுகிறவனை முட்டாளாக்காதீர்கள்

காலை விளையாடிக்கொண்டிருந்த குழந்தை சாயங்காலம் கண் குழிந்து கிடக்கிறது. காலராவின் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் உறுதி செய்தது 1884-இல். நாற்பது வருஷம் கழித்தும் அந்தச் செய்தி நம் கடைமடைக்கு ஒரு மருந்துப் புட்டியாகக்கூட வந்து சேர்ந்திருக்காது. அந்தத் தகப்பனிடம் இருக்கும் ஒரே விளக்கம் கோடாங்கியினுடையது. "யாரோ செய்தார்கள்" என்பது "எதனாலோ செத்தது" என்பதைவிட அவனுக்குத் தாங்க எளிது. ஆள் இருந்தால் காலில் விழலாம், கெஞ்சலாம், அடிக்கவும் செய்யலாம்.

படித்த பாத்திரம் ஒன்றைப் பட்டணத்திலிருந்து வரவழைத்து மூடநம்பிக்கை பற்றிப் பேசவைக்கும் ஆசை வரும். அந்தக் காட்சியை எழுதி, ஒருமுறை வாசித்து, கிழித்துவிடுங்கள்.

படி 8: பேய் உண்டா, இல்லையா?

இதில் இயக்குநர்கள் இரண்டு கட்சி. நான் பேய் வேண்டும் என்கிற கட்சி. பேய் இல்லாத பேய்ப்படம் பட்டிமன்றம்.

அதற்கு வழிகாட்ட இந்தப் படுகையே போதும். புகாரை ஒட்டிய சுடுகாட்டில், இரவில் தனியே போன சார்ங்கலன் என்ற சிறுவன் பிணத்தலையோடு ஆடும் பேய்மகளைக் கண்டு அஞ்சி உயிர்விட்டதை மணிமேகலை சொல்கிறது. தாய் கோதமை அவனைத் தூக்கிக்கொண்டு சம்பாபதியிடம் போய் நியாயம் கேட்கிறாள். தெய்வம் என்ன சொல்கிறது தெரியுமா? பேய் உயிரை உண்ணாது. அவன் பேதைமையைப் பற்றிக்கொண்டு ஊழ்வினை உண்டது. பேய் கண்ணெதிரே ஆடுகிறது, ஆனாலும் கொலையாளி அதுவன்று! காரைக்காலில் ஒருத்தி தன் உடம்பை வேண்டாமென்று உதறிப் பேயுருவம் கேட்டுப் பெற்று, காரைக்கால் பேய் என்று தன் பாட்டில் கையெழுத்தே போட்டாள். கலிங்கத்துப் பரணியின் பேய்களுக்கு முதல் குறை பசி. காளியிடம் அவை முறையிடுவதெல்லாம் வயிற்றைப் பற்றித்தான். நெற்களஞ்சியத்தில் பசித்த பேய். இதை எடுக்காமல் வெளிநாட்டுக் கண்ணாடி பங்களாப் பேயை ஏன் எடுக்கிறோமோ!

எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று: பேய் வரட்டும், ஆனால் அது ஊரின் பழியை மெய்ப்பிக்கக் கூடாது. கடைசிக் காட்சியில் அஞ்சலை உண்மையிலேயே சூனியக்காரிதான் என்று திருப்பம் வைத்தால், களத்துமேட்டில் நின்ற ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறீர்கள். அவளைக் கொன்று, பேயாக்கி, பழிவாங்க விடுவதும் பழகிப்போன பாதை. உயிரோடு இருந்தவரை ஒரு வசனம் கொடுக்காதவளுக்குச் செத்தபின் சங்கொலியோடு அரைமணி நேரம் கொடுக்கிறோம். பேசவிடுவதானால் முன்பே பேசவிடுங்கள்.

படி 9: சில்லறை விஷயங்கள்

ஒளி: அரிக்கன் விளக்கு, அகல், சூள் (தீப்பந்தம்). பெட்ரோமாக்ஸ் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் மட்டும். நீலநிற நிலா வெளிச்சம் வேண்டவே வேண்டாம். உடை: 1925-இல் வயதான உழைக்கும் பெண்கள் பலர் ரவிக்கை அணியவில்லை, நடிகைக்குச் சங்கடமென்றால் சேலைக் கட்டை மாற்றிச் சமாளியுங்கள், பாலியெஸ்டர் ரவிக்கை மட்டும் கூடாது. பறையைப் பயமுறுத்தும் சத்தமாகப் பயன்படுத்தாதீர்கள். அதை அடித்தவர்களுக்கு அது அன்றாட வேலை. அளவை: படி, மரக்கால், கலம். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், அளக்கும் கை பொய் சொல்லாமல் இருக்கும்.

படி 10: எடுக்கும் இடத்தில்

உண்மையான மந்திரத்தை வசனத்தில் வைக்காதீர்கள். நம்புகிறவர் மனம் புண்படும் என்பது ஒரு காரணம். நடிகர் தப்பாக உச்சரிப்பார் என்பது இன்னொன்று. உடுக்கைக் காட்சிக்கு முன்பு தெருவில் சொல்லிவையுங்கள். எங்கள் ஒத்திகையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. கேமராமேன் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் திருப்பினான். நான் லென்ஸை மூடினேன். தண்ணீர் கொடுத்து, திருநீறு பூசி, அவர் மகன் வந்து கூட்டிப்போகும்வரை வேலையை நிறுத்தினோம். அன்றைய சம்பளம் போனது போனதுதான்.

கடைசியாக, சாமான். படத்துக்காகச் செய்த பொம்மை, தகடு, முடிக்கயிறு, குங்குமம் தடவிய எலுமிச்சை எல்லாவற்றையும் எண்ணி எடுத்துச் செல்லுங்கள், எண்ணித் திரும்பக் கொண்டுவாருங்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டாவது படத்தின் கடைசி நாள் இரவு, முச்சந்தியில் வைத்துப் படம்பிடித்த களிமண் பொம்மையை எடுக்க மறந்துவிட்டோம். காலையில் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் கூட்டம். அந்த வாரம் ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். ஓடிப்போய், அது எங்கள் பொம்மை என்று சொன்னோம். எடுத்த காட்சியைக் கேமராவிலேயே போட்டுக் காட்டினோம். சிலர் சிரித்தார்கள். ஆனால் அதற்குள் இரண்டு மணி நேரம் போயிருந்தது, ஒரு பெயர் தெருவைச் சுற்றி வந்திருந்தது. வீடு வீடாகப் போய் விளக்கினோம். அந்தப் பெயருக்குரியவரின் வீட்டுக்குத்தான் கடைசியாகப் போனோம். உள்ளே ஆள் இருக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தட்டியும் அவர் கதவைத் திறக்கவில்லை.